நம்ம ஆளுங்க இல்லாத பள்ளிக்கூடம்

துபாயில் தனியார் பள்ளிகளை அரசு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது 2008-இல் தொடங்கியது. ஆசிரியர் எப்படி நடத்துகிறார், பிள்ளைக்குக் கணக்கு வருகிறதா, அரபி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதி, 'அவுட்ஸ்டாண்டிங்' முதல் 'வெரி வீக்' வரை உள்ள ஆறு படிகளில் ஒன்றில் பள்ளியை உட்கார வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நம் தமிழ்த் தகப்பனாரும் படிக்கிறார். ஆனால் அவர் படிப்பது ஒரே ஒரு வரி. பள்ளியின் முகவரி, மாணவர் எண்ணிக்கை என்று ஆரம்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். மாணவர்களில் எந்த நாட்டவர் அதிகம் என்று அதில் ஒரு வரி. அங்கே 'இந்தியர்' என்றிருந்தால் மனிதருக்கு முகம் சுண்டிவிடும். சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்: "இது வேணாம்மா. ஃபுல்லா நம்ம ஆளுங்க."

சொல்கிறவர் பிறந்தது கும்பகோணம். வெள்ளிக்கிழமையானால் கராமாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர். டாக்டர் தமிழராக இருக்க வேண்டும், கணக்குப் பார்ப்பவர் தமிழராக இருக்க வேண்டும், வீட்டுத் தரகர்கூட நம்ம ஊராக இருந்தால் கமிஷனில் பேரம் பேசலாம். மகனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பையன் மட்டும் தமிழனாக இருந்துவிடக் கூடாது. அதற்காக எத்தனை ஆயிரம் திர்ஹாம் வேண்டுமானாலும் தருவார்.

துபாயில் 220-க்கு மேற்பட்ட தனியார் பள்ளிகள் இருக்கின்றன. படிக்கிற பிள்ளைகள் நாலு லட்சத்தை நெருங்குகிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் இருக்கிறார்கள். அடுத்த இடம் இந்தியப் பாடத்திட்டத்துக்கு. இந்த ஊரில் அத்தனை பிரிட்டிஷ்காரர்களா என்று கேட்கக் கூடாது. மிச்ச நாற்காலிகளை நிரப்பியிருப்பது நாமும், பாகிஸ்தானியரும், எகிப்தியரும், இன்னும் பல நாட்டவரும். எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளையோடு படிக்கத்தான் பணம் கட்டி வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையைத்தான் காணோம்.

விலையைப் பார்ப்போம். மூன்று வயதில் எஃப்.எஸ். ஒன். அங்கிருந்து இயர் தர்ட்டீன் வரை 15 ஆண்டுகள். கீழ் வகுப்பில் குறைவு, மேலே போகப் போகக் கூடும். சுமாரான பெயருள்ள பள்ளிக்குச் சராசரியாக ஆண்டுக்கு 60,000 திர்ஹாம் என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒன்பது லட்சம் திர்ஹாம். நம் காசில் இரண்டு கோடிக்கு மேல். பேருந்து, சீருடை, நீச்சல் உடை, லண்டன் சுற்றுலா எல்லாம் தனி. இடம் பிடித்து வைக்க ஆண்டுக் கட்டணத்தில் பத்து சதவீதம் வரை முன்பணம். அடுத்த ஆண்டும் அதே இடம் வேண்டுமென்றால் ஐந்து சதவீதம் வரை மறுபதிவுப் பணம். சில பள்ளிகளில் டிபெஞ்சர் என்று ஒன்று உண்டு. பெருந்தொகை கொடுத்து அதை வாங்கினால் காத்திருப்போர் பட்டியலில் முன்னால் தள்ளிவிடுவார்கள். இதையே நம் ஊரில் ஒரு கல்லூரித் தாளாளர் செய்தால் அதற்குப் பெயர் நன்கொடை. நம் தகப்பனார் ஊருக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்து கல்வி வியாபாரத்தைக் கண்டித்து ஒரு மணி நேரம் பேசுவார்.

கட்டண உயர்வுக்கு அரசு ஒரு வரம்பு வைத்திருக்கிறது, 2025-26-க்கு 2.35 சதவீதம். நல்ல விஷயம்தான். நம்மவருக்கு அதிலும் ஒரு வருத்தம். "ரொம்ப ஏத்தலைன்னா கண்டவனும் வந்துருவான் சார்" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். மூன்று டெர்முக்கும் பின்தேதியிட்ட செக் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு டெர்ம் தொடக்கத்திலும் பாங்க் பாலன்ஸைப் பார்த்து வேர்க்கிறவர் அவர்.

அல் பர்ஷா பக்கம் ஒரு பள்ளியைப் பார்க்க நண்பர் குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஒரு கூடம், காப்பி இயந்திரம், சுவர் முழுக்கப் பல்லில்லாத பிள்ளைகளின் சிரிப்பு. கையில் டாப்லெட்டோடு ஒரு அட்மிஷன் பெண்மணி வந்தார். கொல்லத்துக்காரர். 25 மீட்டர் நீச்சல் குளத்தைக் காட்டினார். செயற்கைப் பாறை ஏறும் சுவரைக் காட்டினார். மனம் சரியில்லாத பிள்ளைகள் போய் உட்கார மெத்தை போட்ட ஒரு அறையைக் காட்டினார். மாதக் கடைசியில் தகப்பன்மார்களையும் அங்கே அனுமதித்தால் தேவலை. நூலகத்தை நாங்கள் கடந்துபோனோம், உள்ளே போகவில்லை. யாரும் கேட்கவுமில்லை. எல்லாம் முடிந்து கைகுலுக்கும் நேரத்தில் நண்பர் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இந்தியன் ரேஷியோ எப்படி?"

"அறுபதுக்கு மேல நேஷனாலிட்டி இருக்கு சார்."

"அது சரி. பர்டிகுலரா இந்தியன்ஸ்?"

அந்தப் பெண்மணிக்கு இமைகூட அசையவில்லை. தினம் பத்துப் பேர் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. வீடு பார்க்க வந்தவர் கொசுத்தொல்லை உண்டா என்று கேட்டால் சொந்தக்காரர் சமாதானம் சொல்வாரே, அந்தக் குரலில், "இந்த வருஷம் கொஞ்சம் கம்மிதான் சார்" என்றார். கேட்டவர் இந்தியர். சொன்னவர் இந்தியர். பக்கத்தில் நின்று தலையாட்டிய நண்பரின் மனைவி இந்தியர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற, 'கம்மி'யாக இருக்க வேண்டிய அந்த மூன்று வயதுக் கொசுவும் இந்தியர்தான்.

இந்தக் கேள்வி துபாயில் பிறந்ததல்ல. சென்னையில் வீடு வாடகைக்குப் பார்க்கப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்களே, அதுதான் விசா எடுத்து, விமானம் ஏறி, இங்கே வந்து ஆங்கிலம் பேசுகிறது. இப்போது அதன் பெயர் 'பேரண்ட் ப்ரொஃபைல்'. ஊரில் எந்தத் தெருப் பிள்ளைகள் நம் தெருப் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்று தாத்தா பஞ்சாயத்தில் சத்தம் போட்டார். பேரன் சத்தம் போடுவதில்லை, கட்டணத்தைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறான். வேலை அதே வேலைதான். ஒரு வித்தியாசம், இந்த முறை வெளியே நிறுத்தப்படும் கூட்டத்தில் தானும் இருக்கிறோம் என்பது இவனுக்கு உறைக்கவில்லை. கட்டணம் கட்டிய ரசீது தன் தோல்மேல் ஒரு வெள்ளைப் பூச்சு பூசிவிடும் என்று மெய்யாகவே நம்புகிறான்.

சரி, அப்படி என்ன பிரிட்டிஷ் இதில்? கோட்டும் டையும் முதலில். 45 டிகிரி அடிக்கிற ஊரில் பதினான்கு வயதுப் பையன் கம்பளி பிளேசர் மாட்டிக்கொண்டு பேருந்திலிருந்து வகுப்புக்கு ஓடுகிறான், ஏ.சி.யிலிருந்து ஏ.சி.க்கு ஓடும் அந்த ஐம்பது அடிதான் அவன் அறிந்த அரபுப் பாலைவனம். அப்புறம் சரித்திரம். ஏழு வயதில் 1666 லண்டன் தீவிபத்து: அட்டைப்பெட்டியில் வரிசை வீடு செய்து, ஆரஞ்சுக் காகிதத்தில் தீ ஒட்டி, அப்பாவின் அலுவலக விடுப்பில் பாதியைத் தின்று முடிப்பார்கள். அடுத்து ரோமானியர், ஆங்கிலோ-சாக்சன், வைக்கிங். 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தபோது அங்கே யார் ஆட்சி என்பது கட்டாயப் பாடத்தில் கிடையாது. வீட்டிலும் கிடையாது.

பெயர் பெரிய பெயராக இருந்தால் இன்னும் விசேஷம். இங்கிலாந்தில் 1557-இல் தொடங்கிய ரெப்டன் பள்ளியின் பெயரில் 2007-இல் துபாயில் பள்ளி வந்தது. 1845-இல் பிறந்த பிரைட்டன் காலேஜ் 2011-இல் அபுதாபிக்கு வந்தது. ஜவாஹர்லால் நேரு படித்த ஹாரோ 2023-இல் பெங்களூருக்கே வந்துவிட்டது. இனிமேல் அடிமைப்பட விமானச் செலவுகூட இல்லை. பொதுவாக இந்த வியாபாரம் நடக்கும் விதம் எளிமையானது. உள்ளூர் முதலாளி நிலமும் கட்டடமும் போடுவார். அங்கிருந்து பெயரும் சின்னமும் லத்தீன் வாசகமும் வரும். பெயருக்கான தொகை ஆண்டுதோறும் அங்கே போகும். அந்த வருமானத்தில் எங்கள் ஊர் ஏழைப் பிள்ளைகளுக்குச் சலுகை தருகிறோம் என்று இங்கிலாந்துப் பள்ளிகள் பெருமையாகவே சொல்லிக்கொள்கின்றன. அதாவது கும்பகோணத்தார் செக் எழுத, எங்கோ ஒரு இங்கிலீஷ் பையன் அரைச் சம்பளத்தில் படிக்கிறான். 2025 ஜனவரி முதல் அந்நாட்டு அரசு தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி போட்டபின் இந்தப் பெயர் வாடகையின் அருமை அவர்களுக்கு இன்னும் கூடியிருக்கும். ரெப்டனில் படித்த ரோல்ட் தால் அங்கே வாங்கிய, பார்த்த பிரம்படிகளைப் 'பாய்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். உலகப் புத்தக நாளன்று நம் பிள்ளைகள் அவருடைய கதாபாத்திரங்களைப் போல வேடம் போட்டுக்கொண்டு போகின்றன. அந்தப் புத்தகத்தை மட்டும் அப்பாக்கள் யாரும் வாங்குவதில்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் 93 சதவீதம் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியில், இலவசமாக. வீட்டுக்குப் பக்கத்தில், பஸ் டிரைவர் பிள்ளையும் மளிகைக்கடைக்காரர் பிள்ளையும் படிக்கிற அதே பள்ளியில். அவர்கள் பதினாறு வயதில் எழுதுவது ஜி.சி.எஸ்.இ. தேர்வு. நாம் எழுதும் ஐ.ஜி.சி.எஸ்.இ. 1988-இல் கேம்பிரிட்ஜ் முக்கியமாக வெளிநாட்டுக்கென்று தயாரித்தது. அந்நாட்டு அரசுப் பள்ளிகளின் தரப்பட்டியலில் அதற்கு இன்று மதிப்பில்லை, தனியார் பள்ளிகள் சில எழுதுகின்றன. ஏற்றுமதிச் சரக்கு என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் விற்கிறார்கள். நாம்தான் அரண்மனையில் செய்தது என்று நினைத்துக்கொண்டோம். உண்மையான பிரிட்டிஷ் கல்வி வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியில் எல்லோர் பிள்ளையோடும் சேர்க்க வேண்டும். அந்தப் பாடத்திட்டத்தை இறக்குமதி செய்ய ஆளைக் காணோம்.

துபாயிலேயே மலிவான பிரிட்டிஷ் பள்ளிகள் உண்டு. ஊத் மேத்தா, கர்ஹூத், குசைஸ் பக்கம் பாருங்கள். இருபதாயிரம் திர்ஹாமுக்கு முன்பின்னாகக் கட்டி, அதே கேம்பிரிட்ஜ், அதே எடெக்செல் வினாத்தாளை, அதே நாளில், அதே நேரத்தில் எழுதி, நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோவாக்காரர், பிலிப்பினோ, மலையாளி, தமிழர் பிள்ளைகள். நம் தகப்பனாரிடம் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் பேருக்குத்தான் சார் பிரிட்டிஷ்" என்பார். பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று, திருத்துகிறவரும் ஒருவர். பிறகு கூடுதலாகக் கட்டும் நாற்பதாயிரம் எதற்கு? பக்கத்து நாற்காலிக்கு. அந்த நாற்காலியின் வாடகைதான் அது. அதைக் கல்விச் செலவு என்று குடும்பக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

மாலையில் நடக்கும் கூத்தைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் அம்மா காரில் பிள்ளையை அள்ளிப் போட்டுக்கொண்டு நேரே குசைஸ் போகிறார். அங்கே ஒரு இரண்டு படுக்கையறை வீடு. வாசலில் பத்து ஜோடிச் செருப்பு, உள்ளே சாப்பாட்டு மேசையைச் சுற்றி பிளேசர் கழற்றிய பிள்ளைகள். நடுவில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்து வருஷம் கணக்கு நடத்திய நம் ஊர் டீச்சர். "பிரிட்டிஷ் ஸ்கூல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மேத்ஸ்தான் கொஞ்சம் வீக்." எந்த டீச்சரிடமிருந்து தப்பிக்க ஆண்டுக்கு 60,000 கட்டினார்களோ, அதே டீச்சரிடம் மணிக்கு நூறு கொடுத்துக் கொண்டுபோய் விடுகிறார்கள். 2023 டிசம்பரில்தான் தனிப்பயிற்சிக்கு அரசு உரிமம் தரத் தொடங்கியது. அதுவரை இந்த மேசையைச் சுற்றித் திருட்டுத்தனமாகத்தான் வகுத்தலும் பெருக்கலும் நடந்தது.

அந்த டீச்சரே பிரிட்டிஷ் பள்ளியில் வேலைக்கு விண்ணப்பித்திருப்பார். எம்.ஏ., பி.எட்., அனுபவம் எல்லாம் இருந்தும் உதவி ஆசிரியை வேலை தருவார்கள்: பெயின்ட் கிண்ணம் கழுவ, மூக்குச் சளி துடைக்க, பேருந்தில் தலையெண்ண. பக்கத்தில் நின்று நடத்துகிறவர் பிரிட்டனில் பட்டம் முடித்து இரண்டு வருஷம் ஆனவர். வீடும் விமானச் சீட்டும் சேர்த்துச் சம்பளம். பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போடுவது இந்த ஊரில் ரகசியமே அல்ல. அதைப் பற்றி நம் பெற்றோரிடம் கோபத்தை எதிர்பார்த்தால் நீங்கள் ஏமாளி. பேரண்ட்ஸ் மீட்டிங்கில் எழுந்து நின்று "கிளாஸ் டீச்சர் நேட்டிவ் ஸ்பீக்கர்தானே?" என்று கேட்பதும் அவர்கள்தான். தான் அலுவலகத்தில் வெள்ளைக்கார மேனேஜரைவிடப் பாதிச் சம்பளம் வாங்குவதாக இரவு நேரத்தில் புலம்புவதும் அவர்கள்தான்.

ஜூலையில் பள்ளிகள் மூடும். குடும்பங்கள் ஊருக்குப் பறக்கும். அந்த இரண்டு மாதத்தில்தான் பள்ளிகளில் பெயின்ட் வேலை, தரை வேலை, கூரை வேலை எல்லாம் நடக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். பன்னிரண்டு மணி வெயிலுக்கும் மூன்றரை மணி வெயிலுக்கும் விலக்கு இல்லை. அப்படி ஒரு திடலில் கோடு போட்டுக்கொண்டிருந்த ராமநாதபுரத்துக்காரரிடம் பேசினேன். மாதம் 1,300 திர்ஹாம். சோனாப்பூர் தொழிலாளர் முகாமில் படுக்கை. குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000-மும் வீடும் என்பது இங்கே விதி. ஆகவே மகள் முதுகுளத்தூர் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். "இங்க ஒரு வருசத்துக்கு எவ்வளவு சார்?" என்றார். சொன்னேன். "கிட்டத்தட்ட நாலு வருசச் சம்பளம்" என்றார், கோடு போடும் கையை நிறுத்தாமல். குசைஸ் டியூஷன் இல்லாமலே கணக்கு சுத்தமாக வருகிறது மனிதருக்கு.

'நம்ம ஆளுங்க அதிகம்' என்று சொல்லும்போது நம் தகப்பனார் மனத்தில் தள்ளி நிறுத்த நினைப்பது பக்கத்துச் சீட்டுக் கணக்கரின் பிள்ளையை. ராமநாதபுரத்துக்காரருடைய மகளைத் தள்ள வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அந்த வேலையை ஏற்கெனவே ஒரு விதி செய்து முடித்துவிட்டது. அவர் பிள்ளை ஓடப் போகும் கோட்டைப் போட்டவரின் பிள்ளை இந்த ஊருக்குள்ளேயே வர முடியாது என்பதில் அவருக்கு எந்தத் தகவலும் இல்லை, எந்தக் கேள்வியும் இல்லை.

கடைசியில் பிள்ளை எங்கே போகிறது? பிரிட்டனுக்கு என்றால், பதினைந்து வருஷம் பிரிட்டிஷ் பாடம் படித்ததற்கு அங்கே ஒரு பவுண்டு தள்ளுபடி கிடையாது. உள்நாட்டு மாணவருக்கு 2025-26-இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு உச்சவரம்பு. வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பல படிப்புகளில் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, அதற்கு மேலும். படித்து முடித்து வேலை தேட இருந்த இரண்டு வருஷ அவகாசத்தையும் 2027 ஜனவரியிலிருந்து பதினெட்டு மாதமாக்குகிறார்கள். இந்தியாவுக்கு, அதுவும் மருத்துவத்துக்கு என்றால் நீட். வைக்கிங் கப்பலின் வடிவம் அதில் கேட்பதில்லை. நடுவில் அப்பாவுக்கு வேலை போனால் கதை இன்னும் கோரம். இயர் டென் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சில மாதத்துக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். இத்தனை வருஷமாகக் கொசு என்று ஒதுக்கிய கூட்டத்துக்கு நடுவில்தான் அந்தப் பிள்ளைக்கு இடம் தேட வேண்டும்.

நம் நண்பருக்கு அல் பர்ஷா பள்ளி சரிப்படவில்லை. இரண்டாம் வருஷமே அங்கே 'ரேஷியோ' கூடிவிட்டதாம். நகரத்துக்கு வெளியே, மணலுக்கு நடுவில், புதிதாக ஒரு பிரிட்டிஷ் பள்ளி திறந்தார்கள். கட்டணம் முப்பது சதவீதம் அதிகம். "அவ்வளவு காசுக்கு நம்ம ஆளுங்க யாரு வருவா?" என்று கிரெடிட் கார்டை நீட்டிச் சேர்த்துவிட்டார். முதல் நாள் வகுப்புப் புகைப்படம் வாட்ஸ்அப்பில் வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினேழு பேர் நம்மவர்கள். பாதிப் பேர் அல் பர்ஷா பள்ளியிலிருந்து தப்பி வந்தவர்கள். பழைய வகுப்புத் தோழனைக் கண்ட சந்தோஷத்தில் நண்பரின் மகன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். அன்று ராத்திரி நண்பர் என்னைக் கூப்பிட்டார். அபுதாபி பக்கம் அடுத்த வருஷம் ஏதாவது திறக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார்.